பகையாளி நின்ற ஜாமீன்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காலை நல்லா நீட்டிக்கொண்டு. பகையாளியையே ஜாமீனுக்குக் கூப்பிடப் போன ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

ஜப்பான்காரன் காலம். புக்கிட் பெலண்டோக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். ராக்கம்மாவின் புருஷன் நல்லசாமி, கள்ளச்சந்தை அரிசியைத் துணியில் முடிந்து வயிற்றோடு கட்டி வந்தபோது பிடிபட்டான். உள்ளேயே விட்டால் அடி தாங்காமல் போய்ச் சேருவான். ஸ்டேஷனில் ஒரு வழி சொன்னார்கள். சிரம்பானில் வழக்கு வரும்வரை அவன் வெளியே இருக்கலாம். அவனை அறிந்த தோட்டத்து ஆள் ஒருவன் பொறுப்பேற்க வேண்டும். வழக்கன்று இவன் வராவிட்டால் பொறுப்பேற்றவன் உள்ளே போவான். கூலி வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கிற வேலையெல்லாம் நடக்காது. அப்படி எவனாவது வந்தால் அவனுக்கும் கம்பிதான்.

கேட்ட உடனே ராக்கம்மாவின் தம்பி மாயாண்டி சட்டையை மாட்டினான். "நான் நிக்கிறேன்க்கா. மச்சானுக்கு நிக்காம வேற யாருக்கு நிக்கப்போறேன்?"

"நீ வேணாம்டா. மண்டோர் சன்னாசியக் கூப்பிடப்போறேன்."

மாயாண்டி சிரித்துவிட்டான். மண்டோர் என்றால் கூலிகளை மேய்க்கிற கங்காணி. காலையில் ஆள் எடுக்கிற பெரட்டுக் களத்தில், அடிக்க ஓங்கிய சன்னாசியின் கையை எல்லார் முன்னாலும் தட்டிவிட்டவன் நல்லசாமி. அன்றிலிருந்து அவனைக் கண்டால் சன்னாசி துப்பிவிட்டுத்தான் பேசுவான்.

"பாம்பப் போயி தொட்டிலுக்குக் காவல் வைக்கிறியேக்கா."

"யோசிச்சுப் பாரு. சயாம் ரயில் வேலைக்கு ஆள் புடிக்க லாரி வந்தா, வெரலக் காட்டுறது சன்னாசிதானே? நீ நின்னு ஒம் மச்சான் வெளிய வந்தா அந்த வெரலு மொதல்ல அவரத்தான் காட்டும். போனவன் எவன்டா திரும்பி வந்தான்? அவனே ஜாமீன் நின்னா இவர ஏத்த முடியாது. ஏத்துனா வழக்கன்னிக்கு அவன்ல உள்ள போவணும்."

ராக்கம்மா வாசலில் போய் நின்றபோது சன்னாசி அவித்த மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை.

"என்னத் தட்டிவிட்ட கை இப்ப எங்கடி இருக்கு?"

"உள்ள இருக்கு, மண்டோரய்யா."

"அங்கியே அழுகட்டும்."

ராக்கம்மா ஆத்திரத்தை நாக்குக்கடியில் வைத்து அமுக்கினாள். கெஞ்சினால் இவன் அசைய மாட்டான். இவனுக்கு வேண்டியது நல்லசாமியின் குனிந்த கழுத்து.

"நீங்க நின்னா அவரு ஒங்க கையில. புடிக்கலேன்னா என்னிக்கு வேணா இழுத்துட்டுப் போயி ஸ்டேசன்ல விட்டுடலாமாம்."

மெல்லுவதை நிறுத்தினான். "என் மாட்டுக்கொட்டாயக் கூட்டுவானா?"

"கூட்டுவாரு."

மறுநாளே போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வந்தான்.

நல்லசாமி சாணி அள்ளினான். "டேய் ஜாமீனு" என்று கூலிகள் குடியிருந்த லயமே கேட்கச் சன்னாசி கூப்பிட, ஓடினான். வீட்டில் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கவில்லை. "இதுக்கு உள்ளயே செத்திருப்பேன்" என்றான் ஒருநாள், சுவரைப் பார்த்து. ராக்கம்மா கிழங்குத் தட்டை அவன் பக்கம் தள்ளிவைத்தாள். திட்டட்டும், உயிரோடு இருந்து திட்டட்டும்.

வழக்குக்கு முன்னால் லாரி வந்தது. பெரட்டில் எல்லாரையும் நிறுத்தினார்கள். சன்னாசியின் விரல் ஒவ்வொருத்தராகக் காட்டிக்கொண்டே வந்து, நல்லசாமியைத் தாண்டிப் போனது. சிப்பாய்க்கு அது பிடிக்கவில்லை. திடமான ஆள் இவன்தானே என்று தோளைப் பிடித்துத் தள்ளினான். சன்னாசி பாய்ந்து நல்லசாமியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "துவான், ஐயா, இவன் கோர்ட்டு ஆளு, துவான்." கன்னத்தில் விழுந்த அறையில் உதடு கிழிந்தது. பிடியை விடவில்லை.

"அப்ப இன்னொருத்தன்" என்று சிப்பாய் கையைக் காட்டினான்.

சன்னாசி உதட்டைத் துடைத்துக்கொண்டு ராக்கம்மாவைப் பார்த்தான். அவள் எதற்காகத் தன் வாசலுக்கு வந்தாள் என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது போலிருந்தது. ஒரு கை நல்லசாமியைப் பிடித்தபடியே இருக்க, மற்றக் கையின் விரல் மெல்ல நகர்ந்து மாயாண்டியின் நெஞ்சுக்கு நேரே நின்றது.

லாரி கிளம்பியது. பின்பலகையைப் பிடித்துக்கொண்டு மாயாண்டி அக்காவையே பார்த்தான். புழுதி அடங்கிய பிறகும் அந்த மணிக்கட்டைச் சன்னாசி விடவில்லை.

உங்கள் வீட்டு ஆட்கள் எல்லாரும் பொழுதோடு வீடு வந்து சேரட்டும், கண்ணுகளா. உங்கள் அடுப்படியில் ஒரு தட்டும் ஆளுக்காகக் காத்துக் கிடக்காமல் இருக்கட்டும்.