மேல் படியில் ஒரு சத்தம்

ஒத்திகையின் கடைசிப் பாட்டில்தான் அந்தச் சத்தம் கேட்டது. 'க்ரீச்' என்று ஒரே ஒரு முறை. செட் போட்டவள் என்பதால் அவள் காதில் மட்டும் விழுந்ததோ என்னவோ, வேறு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விடுமுறைக் கச்சேரிக்காக மேடையையே பனிமலையாக மாற்றியிருந்தாள். படிப்படியாக ஏறும் இரும்புச் சட்டம், மேலே பிளைவுட், அதன்மேல் வெள்ளைத் துணி. பாடகர்கள் உச்சிப் படிவரை மலை நெடுக நிற்பார்கள்; கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் கைதட்டி ஆடுவார்கள். சட்டத்தை வெல்டிங் செய்தது அவள் கொழுந்தன். வெளி ஆள் என்றால் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருப்பாள். இவனோ, "வீட்டு ஆளுன்னா இளக்காரம்" என்று ஒருமுறை பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவன். மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

கூட்டம் உள்ளே வர அதிக நேரம் இல்லை. ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவனிடம் போனாள்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. மேல் படியில ஏதோ சத்தம் வருது."

"பிளைவுட் அப்படித்தான் முனகும் அண்ணி."

"இது பிளைவுட் மாதிரி இல்ல."

அவன் ஒயரைக் கீழே போட்டான். விறுவிறுவென்று உச்சிக்கு ஏறி, எல்லோரும் பார்க்க நாலைந்து தடவை குதித்தான். மலை அசையவில்லை.

"போதுமா?"

விளக்குப் போடுகிறவர் சிரித்தார். அவளுக்கு முகம் சுட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். நாக்கு விடவில்லை.

"நீங்க ஒரு ஆள் தம்பி. அங்க ஒரு வரிசையே நின்னு ஒரே தாளத்துல ஆடப்போகுது."

அவன் காலடிப் பலகையைக் குனிந்து பார்த்தான். பிறகு இறங்கி வந்து, விளக்குப் போடுகிறவரிடம் டார்ச்சை வாங்கிக்கொண்டு துணியை விலக்கி உள்ளே போனான். போனவன் வருவதாக இல்லை. தன் சந்தேகம் பொய்யாகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். பொய்யானால் அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்றும் பயந்தாள்.

வெளியே வந்தவன் அவளைப் பார்க்காமல் நேராகப் பாட்டு வாத்தியாரிடம் போனான்.

"சார், மேல் படியில யாரையும் ஏத்தாதீங்க. அடியில ஒரு வெல்டிங் விட்டிருக்கு."

"யார் செஞ்ச வேலை அது?"

"நான் செஞ்சதுதான்."

வாத்தியார் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு அந்த வரிசையைத் தரைக்கு இறக்கினார்.

கச்சேரி தொடங்கியது. மற்ற படிகள் தாங்குமா? கொழுந்தனைத் தேடினாள். அவன் மேடைக்கு அடியில், ஒரு சட்டத்துக்குத் தோளை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தான்.

"மத்ததெல்லாம் ஒண்ணுவிடாம பாத்துட்டேன். நல்லா இருக்கு."

"அப்புறம் ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

"மனசு கேக்கல அண்ணி."

அவளும் குனிந்து உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைதட்டல் பாட்டு வந்தது. தலைக்கு மேல் இரும்பு அதிர்ந்தது. ஒவ்வொரு அடிக்கும் இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். கடைசிக் காலடி இறங்கிப் போனபிறகுதான் அவன் தோளை எடுத்தான்.

"அண்ணன்கிட்ட நானே சொல்லிடறேன்" என்றான்.

"சொல்லலாம். முதல்ல கை குடுங்க, கால் மரத்துப் போச்சு."