இரண்டு பதிவேட்டிலும் மூடிய பழுது

கார் கம்பெனியும் மென்பொருள் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து ஏழு மாதமாகியும், ஒரே கூடத்தில் இரண்டு குடித்தனம்தான் நடந்தது. காபி மெஷின்கூடத் தனித்தனி. இவர்களை ஒட்டவைக்க வந்தவள் அவள். பதவியின் பெயர் மாற்ற மேலாளர். "மாற்றமாவது மண்ணாவது! நீ பண்றது சம்பந்தி சண்டையை விலக்கிவிடுற வேலை" என்பான் கணவன். அவளுக்கும் அந்தப் பெயர்தான் பொருத்தமாகப் பட்டது.

இன்று மதியம் இயக்குநர் வருகிறார், தச்சரோடு. இரண்டு குழுவும் ஒத்துவராது என்று அவருக்குத் தோன்றிவிட்டால் கூடத்தின் நடுவே மரத் தடுப்புச் சுவர். அவளுடைய ஏழு மாதப் பாடும் அதோடு போச்சு.

காலையில் இரு குழுவின் பழுதுப் பதிவேடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரிவர்ஸ் போட்டால் சில சமயம் பின்கேமரா படம் வராமல் திரை கறுத்துப்போகிறது. பதினோரு புகார்கள். இரண்டிலும், 'எங்கள் பக்கம் சரி, அந்தப் பக்கம் பார்க்கவும்' என்று எழுதிப் பதினொன்றையும் மூடியிருந்தார்கள். பழுது மட்டும் சௌக்கியமாக இருந்தது.

பக்கம் பக்கமாகத் திட்டம் எழுதி, கூட்டம் கூட்டிப் பேசி அவளுக்கு அலுத்துவிட்டது. கார் பக்கத்துத் தலைவரையும் மென்பொருள் பக்கத்துத் தலைவியையும் சோதனைக் காரில் ஏற்றினாள். தலைவருக்குப் பட்டப்பெயர் 'கையெழுத்து'. மூன்று கையெழுத்து இல்லாமல் ஆணியைக்கூட அசைக்கமாட்டார். தலைவி 'சுடச்சுட', காலையில் எழுதிய நிரலை மாலையில் வண்டியில் ஏற்றிவிடுவாள்.

அவளே ஸ்டார்ட் செய்து, அதே மூச்சில் ரிவர்ஸ் போட்டாள். திரை கறுப்பு.

"என்னம்மா, இப்படியா வண்டி எடுப்பாங்க?" கையெழுத்து பதறினார். "முன்னாடி டாஷ்போர்டுல எரியற விளக்கெல்லாம் அணையட்டும்னு கொஞ்சம் பொறுக்க வேண்டாமா?"

"தினமும் இப்படித்தான் சார் எடுக்கறேன். பிள்ளைங்களுக்கு ஸ்கூலுக்கு நேரமாகுதே."

சுடச்சுட பின்சீட்டிலிருந்து எட்டிக் கறுத்த திரையைப் பார்த்தாள். "எங்க சோதனை மேஜையில இந்தக் கேமராவை ஆஃப் பண்றதே இல்ல," என்றாள் மெல்ல. "அதனால ஸ்டார்ட் பண்ணினதும் கேமரா எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகும்னே நான் பார்த்ததில்ல."

"நானும்தான். முப்பது வருஷமா பொறுத்துப் பொறுத்தே பழகிட்டேன்," என்றார் அவர்.

அப்புறம் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அவளை யாரும் கண்டுகொள்ளவில்லை. அதில் அவளுக்குப் பரம சந்தோஷம்.

மதியம் இயக்குநர் நுழைந்தபோது சோதனை மேஜை கூடத்தின் நட்டநடுவில் கிடந்தது. இந்தப் பக்கத்திலிருந்து கணினி ஒயர், அந்தப் பக்கத்திலிருந்து கார் பேட்டரி, நடுவே காரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த ஸ்டார்ட் பொத்தான். கையெழுத்து அழுத்த, சுடச்சுட நொடி எண்ண, சுற்றிலும் இரு குழு ஆட்களும் கலந்து ஒரே கூச்சல்.

தச்சர் டேப்பை நீட்டிப் பார்த்தார். "சார், இந்த மேஜையை நகர்த்தினாத்தான் அளக்க முடியும்."

"இப்ப முடியாதுப்பா," என்றார் கையெழுத்து, நிமிராமலே.

"நாளைக்கும் முடியாது," என்றாள் சுடச்சுட.

இயக்குநர் மேஜையைச் சுற்றி ஒரு நடை வந்தார். பிறகு தச்சரைப் போகச் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "இது உங்க திட்டத்துல எத்தனாவது பக்கத்துல இருந்தது?"

"எந்தப் பக்கத்துலயும் இல்ல சார்," என்றாள் அவள், சிரிப்பை அடக்க முடியாமல்.