மற்றதைப் போலில்லாத கிளை

செக் நாட்டின் மேட்டுநிலத்தில் உள்ள எங்கள் ஊரில், வீட்டுத் தோட்டத்தில் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் குட்டை வகைகளைச் சேர்ப்போர் பலர் உண்டு. அவர்களுள் ஹெத்விகா குறிப்பிடத்தக்கவர். அவருடைய கணவர் ஓட்டகர், ஓய்வு பெறும் வரை பேருந்து ஓட்டியவர். மனைவியின் மரங்களை அவர் மதித்தார். ஆனால் அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுத்தி அறியமாட்டார்.

நெடிய ஸ்ப்ரூஸ் மரங்களின் உச்சியில், சில வேளைகளில் ஒரு கிளை மட்டும் பறவைக்கூடு போல அடர்ந்து குறுகி வளரும். அதனை நாங்கள் சூனியக்காரியின் துடைப்பம் என்போம். அதிலிருந்து குச்சி எடுத்துச் சாதாரண ஸ்ப்ரூஸ் கன்றின் தண்டில் பக்கவாட்டாக ஒட்டுக் கட்டினால், முழங்கால் உயரத்தைத் தாண்டாத ஒரு புதிய மரம் கிடைக்கும். துடைப்பத்தை முதலில் கண்டவருக்கே அந்த மரத்துக்குப் பெயரிடும் உரிமை உண்டு. உச்சிக்கு ஏறி வெட்டித் தருபவருக்கு ஒரு கைப்பிடி குச்சி மட்டுமே உரியது. தன் பெயரையே அதற்கு வைத்துக்கொள்வது அநாகரிகமாகக் கருதப்படும்.

ஹெத்விகா தம் வாழ்நாளில் கண்ட ஒரே துடைப்பம், சென்ற பிப்ரவரியில் குளத்தங்கரை மரத்தில் தென்பட்டது. அம்மரத்தைப் பட்டை வண்டு பிடித்திருந்தது. காட்டுத்துறையினர் அதனை வெட்டுவதற்காகச் சிவப்புக் குறி இட்டிருந்தனர். எனவே ப்ரோகோப் என்ற நண்பர் காலில் இரும்பு முட்களைக் கட்டிக்கொண்டு உறைபனியில் ஏறிக் குச்சிகளை வெட்டித் தந்தார். அடுத்த வாரமே மரம் வீழ்த்தப்பட்டது. அதன்பின் அத்துடைப்பம் ஹெத்விகாவின் ஒட்டுக்கன்றுகளிலும், ப்ரோகோப்பின் ஒரு கைப்பிடியிலும் மட்டுமே உயிர் வாழ்ந்தது.

ஜூன் மாதத்தில் முழங்கால் வலிக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி, ஹெத்விகா வெந்நீர் ஊற்று உள்ள ஊருக்குச் சிகிச்சைக்குச் சென்றார். கன்றுகள் ஓட்டகரின் பொறுப்பில் விடப்பட்டன.

திரும்பி வந்த அன்று, பையைக்கூடக் கீழே வைக்காமல் அவர் கண்ணாடிக் குடிலுக்குள் நுழைந்தார். கன்றுகள் யாவும் நிமிர்ந்து, பளபளப்பாக, ஒழுங்காக நின்றன. அவற்றின் தண்டுகளில் ஒட்டுக்குச்சி ஒன்றுகூட இல்லை.

“ஓட்டா! இதுல பக்கவாட்டுல ஒட்டியிருந்தது எங்க?”

“வெட்டிட்டேன்” என்றார் ஓட்டகர், பெருமிதத்துடன். “நீதானே முப்பது வருஷமா மந்திரம் மாதிரி சொல்றே? மத்ததைப் போல இல்லாத கிளையைப் பார்த்தா உடனே வெட்டு, இல்லேன்னா மரமே கெட்டுப்போகும்னு.”

“அது தோட்டத்துல நிக்கிற குட்டை மரத்துக்கு! திடீர்னு ஒரு நெட்டைக் கிளை கிளம்பினா வெட்டணும். இங்க குட்டையா இருந்ததுதான்யா மரம்!”

“ஒவ்வொரு கன்னுலயும் எல்லாக் கிளையும் நெட்டையா இருந்துச்சு. ஒண்ணு மட்டும் சொறி புடிச்ச மாதிரி இருந்துச்சு. நான் என்னத்தைக் கண்டேன்?”

ஹெத்விகா தலைகீழாகக் கிடந்த ஒரு தொட்டியின்மேல் அமர்ந்தார். கணவர் சொன்னதில் தவறு காண அவரால் இயலவில்லை. அதுவே அவருக்கு மிகுந்த எரிச்சலைத் தந்தது.

எஞ்சிய நம்பிக்கை ப்ரோகோப்புக்குக் கிடைத்த ஒரு கைப்பிடி குச்சி மட்டுமே. அன்று மாலையே இருவரும் காரில் அவர் வீட்டுக்குச் சென்றனர். ஆறடிக்கு மேல் உயரமான ப்ரோகோப், நடந்ததைக் கேட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஏன்டா ஓட்டா, பஸ்ஸுல டிக்கெட் வாங்கினவனை எல்லாம் இறக்கி விட்டுட்டியா?”

“சிரிச்சது போதும்” என்றார் ஹெத்விகா. “உன்னோடது என்ன ஆச்சு, அதைச் சொல்லு.”

ப்ரோகோப்பின் முகம் மாறியது. “மே மாச வெயில்ல என் குடில்ல மேல்தட்டு முழுக்கக் கருகிடுச்சு, ஹெத்விகா. ஜன்னலைத் திறந்து வைக்க மறந்துட்டேன். வா, பார்க்கலாம்.”

மேல்தட்டில் பழுப்பு நிறக் குச்சிகளே இருந்தன. ஹெத்விகா வலிக்கும் முழங்காலை ஊன்றி, பலகைக்கு அடியில் ஈர நிழலில் இருந்த தொட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். ‘குளத்தங்கரை’ என்ற சீட்டு செருகிய மூன்றாவது தொட்டியில், கட்டை விரல் அளவே உள்ள ஒரு பச்சைக் கொத்து, புதிய மொட்டுகளுடன் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதனை விரல் நுனியால் தொட்டு அசைத்துப் பார்த்தார். அது உறுதியாக இருந்தது.

“எடுத்துட்டுப் போ” என்றார் ப்ரோகோப். “குளிர்காலத்துல எனக்கு ஒரு குச்சி குடு, போதும். ஆனா இவன் கையில கத்தரியைக் குடுத்துடாதே.”

“பேரு முடிவு பண்ணிட்டேன்” என்றார் ஹெத்விகா. “ப்ரோகோப்.”

“ஐயையோ! வேணாம்மா! ‘ப்ரோகோப் வளரவே மாட்டேங்கிறான், பக்கவாட்டுலதான் பெருத்துட்டே போறான்’னு ஊரெல்லாம் பேசுவாங்க!”

“இப்பவும் அப்படித்தான்டா பேசறாங்க” என்றார் ஓட்டகர்.

ப்ரோகோப் தம் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொண்டார். எத்தனையோ பேருக்காக மரம் ஏறிய அவருடைய பெயரில், அதுவரை ஒரு செடியும் இருந்ததில்லை. அவர் மேலும் மறுக்கவில்லை. உள்ளே சென்று, பிளம் பழ மதுவும் மூன்று சிறு கிண்ணங்களும் கொண்டு வந்தார். கார் ஓட்ட வேண்டியிருந்ததால், ஓட்டகர் தம் பங்கை மனைவியின் பக்கம் நகர்த்தினார்.

வீடு திரும்புகையில் தொட்டி ஹெத்விகாவின் மடியில் இருந்தது. ஓட்டகர் மிதிவண்டியின் வேகத்திலேயே காரைச் செலுத்தினார். பின்னால் வந்த வண்டிகள் ஒலி எழுப்பின.

“கொஞ்சம் வேகமாத்தான் போயேன். மானம் போகுது.”

“முடியாது” என்றார் ஓட்டகர். “நின்னுக்கிட்டு வர்ற பயணி ஒருத்தர் இருக்கார்.”

ஹெத்விகா அடுத்த வளைவில் தொட்டியை இரு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார்.