மாப்பிள்ளை கட்டிய செல்ஃப் மோட்டார்

"அவங்க கெளம்புற வரைக்கும் ஓடட்டும். யாரும் கை வைக்கக் கூடாது."

"டீசல் என்னா கெணத்துலயா ஊறுது? வாசல்ல ஒரு வண்டி சும்மா நின்னு உறுமிக்கிட்டே இருந்தா வர்றவங்க என்னா நெனைப்பாங்க?"

"பேட்டரி சார்ஜ் ஏறுதுன்னு சொல்லிக்கறேன்."

"சாப்புட்டு முடிக்கற வரைக்குமா?"

"பெரிய பேட்டரி, தங்கம்."

அம்மா தங்கம்மாள் கேசரிக் கரண்டியோடு உள்ளே போய்விட்டாள். அப்பா சுப்புராயன் ஓடிக்கொண்டிருந்த டிராக்டரின் மட்கார்டை வேட்டி நுனியால் துடைத்தார். என் கல்யாணத்துக்குத் தேதி குறிக்க மாப்பிள்ளை வீட்டார் கடலூரிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். புவனகிரி தாண்டிவிட்டதாகப் போன் வந்திருந்தது. மாப்பிள்ளை பெயர் சேரன். வண்டியை நிறுத்த முடியாமல் போனதற்கும் அவர்தான் காரணம்.

பெண் பார்க்க வந்த அன்று எங்கள் டிராக்டர் செல்ஃப் எடுக்காமல் கிடந்தது. சேரனுக்குக் கடலூர் முதுநகரில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. அவர் அம்மா ஞானாம்பாள் என்னிடம் சமையலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோதே அவர் வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் போய்விட்டார். பதினேழாம் நம்பர் ஸ்பேனர் இருக்கிறதா என்று கேட்டார். நான் பத்தொன்பதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தன் பைக்கிலிருந்து வேறு ஒன்றை எடுத்துவந்தார். அந்த இடத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"இத வெளியில குடுக்காதீங்க மாமா. நானே காயில் கட்டித் தரேன்" என்றார், கழற்றிய செல்ஃப் மோட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு.

கிளம்பும்போது அவரிடம் ஒரு நாவலைக் கொடுத்தேன். எங்கோ வடக்கே, கடல் உறைந்துபோகும் ஊரில் கலங்கரை விளக்கத்தைக் காவல் காக்கும் ஒரு பெரியவரின் கதை. தமிழில் நானூறு பக்கம். துறைமுகத்துக்காரருக்குக் கடல் கதை பிடிக்கும் என்று நினைத்தேன். ஒரு கையில் மோட்டாரும் மறு கையில் நாவலுமாக அவர் பைக்கை நோக்கி நடந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மோட்டார் பஸ்ஸில் திரும்பி வந்தது. அதற்கு முன்பே வாட்ஸாப்பில் ஒரு வீடியோ வந்தது. கடை மேசையில் மோட்டார் ஜோராகச் சுற்றியது. பின்னால் சேரனின் குரல், "பாத்தியா வெண்மதி, பம்பரம்" என்றது. அதைப் பல தடவை போட்டுப் பார்த்தேன், மோட்டாருக்காக அல்ல.

அப்பா மாட்டிச் சாவியைத் திருப்பினார். மோட்டார் வீடியோவில் சுற்றிய மாதிரியே இனிமையாகச் சுற்றியது. இன்ஜின் அசையவில்லை. மறுபடி திருப்பினார். மறுபடியும் அதே இனிமை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"எப்டி மாமா இருக்கு?"

அப்பா வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அருமையா இருக்கு மாப்ள. தொட்டா எடுக்குது."

வேறு கடையாக இருந்தால் அப்பா நேரில் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பார். ஆனால் போன வருஷம் எனக்கு அமைந்த ஓர் இடம் அவர் வாயால்தான் கலைந்தது. அவர்கள் பண்ருட்டியிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த பலாப்பழத்தை அறுத்துப் பார்த்து, "சக்க ஜாஸ்தி" என்றுவிட்டார். அதன்பிறகு அந்தப் பக்கமிருந்து போனே வரவில்லை. இனி மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் எதிலும் குறை சொல்வதில்லை என்று அம்மா அவரைச் சத்தியம் செய்ய வைத்திருந்தாள். இந்த இடமும் போய்விடக் கூடாது என்று எனக்கும் பயம். அன்று சாயங்காலம் சேரன் என்னிடம் கேட்டபோது, "அப்பா ரொம்ப சந்தோஷமா இருக்காரு" என்றேன்.

அப்பா மோட்டாரைச் சாக்கில் சுற்றிச் சிதம்பரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். ராஜகணேஷ் என்ற மெக்கானிக் சாக்கைப் பிரித்துக் கொஞ்ச நேரம் முகர்கிற மாதிரி பார்த்தாராம். "வார்னிஷ் அடிச்சிருக்கறதப் பாத்தா நம்ம கடலூர் சேரன் கை மாதிரி இருக்கே. இருங்க, போன் போட்டுக் கேக்கறேன்" என்றாராம். அப்பா மோட்டாரை மார்போடு அணைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அதிலிருந்து டிராக்டர் வெள்ளாற்றங்கரைச் சரிவில்தான் நின்றது. காலையில் சக்கரத்துக் கல்லை உருவி, பக்கத்து வீட்டு ராஜாமணி மாமாவும் ஆட்களும் தள்ளிவிட, உருண்டு இறங்கி உயிர் பெறும். "மச்சான், ஒம் மருமவனால எனக்குத் தொப்ப கரைஞ்சுடுச்சு" என்று மாமா தினமும் சொல்வார். இன்றைக்கு அது சரிவில் நின்றால் மாப்பிள்ளை ஏன் என்று கேட்பார் என்று, அப்பா காலையிலேயே தள்ளி எடுத்து வாசலுக்குக் கொண்டுவந்து ஓடவிட்டிருந்தார்.

வந்தவர்கள் வாசலில் பந்தல் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். காப்பி டம்ளர்கள் தட்டில் நடுங்கின. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் பேசுவது போல எல்லாரும் கத்திப் பேசினார்கள். நான் கதவோரம் நின்றேன். நான் படிக்கிற கதைகளில் இப்படிப்பட்ட நேரத்தில் பனி பெய்யத் தொடங்கும். யாரும் பேச வேண்டியிருக்காது. எங்கள் வாசலில் டீசல் புகைதான் பந்தலுக்குள் வந்தது.

"அண்ணே, வைகாசில வச்சுக்கலாமான்னு கேட்டேன்" என்று ஞானாம்பாள் மூன்றாவது தடவையாகக் கத்தினார். "அந்த வண்டியக் கொஞ்சம் அமத்தச் சொல்லுங்களேன்."

"பேட்டரி சார்ஜ் ஏறுதும்மா."

"நான் கட்டுன செல்ஃப்புக்குச் சார்ஜ் எதுக்கு மாமா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்த சேரன், அப்பா நாற்காலியிலிருந்து முழுசாக எழுவதற்குள் ஸ்டாப் குமிழைப் பிடித்து இழுத்துவிட்டார்.

ஊரே நின்ற மாதிரி இருந்தது. அடுப்படியில் அம்மா கரண்டியை வைக்கும் சத்தம் கேட்டது.

"வைகாசியே பண்ணிடலாம். இப்பவே முடிவு பண்ணிடலாம்" என்றார் அப்பா அவசரமாக.

"இருங்க மாமா. அம்மா, நான் கட்டுன செல்ஃப் எடுக்கறத நீ கேட்டதே இல்லல்ல? இப்ப எடுக்கறேன் பாரு." சேரன் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினார். மோட்டார் இனிமையாகச் சுற்றியது. இன்ஜின் அசையவில்லை. மறுபடி திருப்பினார். முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

யாரும் கேட்காமலே நான் பதினேழாம் நம்பர் ஸ்பேனரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தத் தடவை சரியானது. மோட்டாரைக் கழற்றித் தரையில் வைத்து, பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துத் தொட்டுப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றோம்.

"திருப்பிச் சுத்துது" என்றார் மெதுவாக. "காயில் முனைய மாத்திக் குடுத்துட்டேன். மேச மேல வச்சப்ப எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாக்கல. சுத்துதேன்னு சந்தோஷப்பட்டுட்டேன்."

"நல்லாத்தான் சுத்துது மாப்ள" என்றார் அப்பா. "பக்கந்தான் வேற."

"இவ்ளோ நாளு எப்டிண்ணே ஓட்டுனீங்க?" என்றார் ஞானாம்பாள்.

"நாங்க தள்ளுனோம்மா" என்றார் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ராஜாமணி மாமா.

சேரன் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீயுந்தான சொன்ன, அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம்னு."

தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போயிருக்கலாம். என்னவோ வாய் வந்துவிட்டது. "நீங்களும்தான் சொன்னீங்க, அந்தப் பெரியவர் கடைசில பேசறது மனச என்னமோ பண்ணிடுச்சுன்னு. அவரு மொத அத்தியாயத்துலயே செத்துடறாரு. மிச்சப் பக்கம் பூராவும் அவரு சவப்பொட்டிய யாரு தூக்கறதுன்னு ஊர்க்காரங்க போடற சண்டதான்."

"யார்றா செத்தது?" என்று ஞானாம்பாள் பதறிப்போய்க் கேட்டார்.

"யாரும் இல்லம்மா. கத."

"எத்தன பக்கம் படிச்சீங்க?" என்றேன்.

"பின் அட்ட" என்றார்.

ராஜாமணி மாமா சிரித்தார். அம்மா அவரை முறைத்தாள். அப்பா தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்தார். கொடுப்பதா, கீழே வைப்பதா என்று தெரியாமல் நின்றார். ஒரு பலாச்சுளைக்கே ஓர் இடம் போனது. இது நானூறு பக்கம்.

சேரன் தரையில் உட்கார்ந்தபடியே கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

"சரி, படிக்காம சொன்னது என் தப்பு. காயில மாத்திக் கட்டுனதும் என் தப்பு. இத இங்கயே உக்காந்து சரி பண்ணிட்டுத்தான் போவேன்." நிமிர்ந்து பார்த்தார். "ஆனா அன்னிக்குப் போன்ல இன்னொண்ணு கேட்டேன். என்னயப் புடிச்சிருக்கான்னு. புடிச்சிருக்குன்னு சொன்ன. மோட்டாரு அருமைன்னு ஒங்கப்பா சொன்ன மாதிரியேதான் நீயும் சொன்ன, கேட்ட ஒடனே, யோசிக்காம."

அப்பா தட்டோடு என்னைப் பார்த்தார். ஞானாம்பாள் பாதி மடித்த வெற்றிலையோடு என்னைப் பார்த்தார். வேலிக்கு மேலே ராஜாமணி மாமாவின் தலை இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

"மாமா இருக்காரு, அம்மா இருக்காங்க. வண்டிச் சத்தமும் இல்ல" என்றார் சேரன். "இப்ப ஒருக்கா நெசமாச் சொல்லு, வெண்மதி."