மூன்றிலேயே நின்ற வண்டி

வண்டியைத் தூக்கிப்போகக் கிரேன்காரர் மாலை ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். இப்போது மணி மூன்றேகால். டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு கொழுந்தன் மல்லாந்து கிடந்தான். கால்கள் மட்டும் கார்க் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவள் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள். அதில் அவளுக்குப் பதினான்கு வருஷ அனுபவம். புருஷன் எந்த போல்ட்டைக் கழற்றினாலும் வெளிச்சம் அவள் கையில்தான்.

அவர் இறந்துபோய் நாலு மாதம். இந்தப் பழைய காரில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பொருத்தி, அதை ஆட்டிவைக்கத் தனியாக ஒரு கன்ட்ரோலர் பெட்டியும் வாங்கி, ஒயரிங் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் போனார். எஞ்சின் ஓடியது. கியர் மட்டும் மூன்றிலேயே ஒட்டிக்கொண்டது. ஷெட்டோ தெருவைவிட ஓர் ஆள் உயரப் பள்ளத்தில் இருந்தது. மூன்றாவது கியரில் சரிவேறினால் வண்டி பாதியில் மூச்சுவாங்கிப் பின்னால் உருளும். நாளை அந்த வாடகை ஷெட்டைக் காலி செய்ய வேண்டும். "ஓடினா வாசல்ல நிக்கட்டும். ஓடாத வண்டியத் தினமும் பாத்துக்கிட்டிருக்க என்னால ஆகாது" என்று மாமியார் சொல்லிவிட்டார். ஓடாவிட்டால் பழைய இரும்புக்கு.

"பன்னெண்டரை வோல்ட் ஜம்முனு வருது அண்ணி. எர்த்தும் நல்லாருக்கு. பொட்டிதான் மண்டையப் போட்டுருச்சு." சொன்னவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பரவால்ல, பொட்டியத்தானே சொன்னீங்க."

அவன் பஸ் டிப்போ மெக்கானிக். டீசல் எஞ்சினின் இருமலைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவான். ஒயருக்குள் ஓடுவது அவனுக்குப் பேய் பிசாசு மாதிரி. கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று அவள் சீட்டில் உட்கார்ந்து சாவியைப் போட்டாள். ரேடியோ பாடத் தொடங்கியது. ஸ்டார்ட் அடித்தாள். ரேடியோ வாயை மூடிக்கொண்டது. எஞ்சின் பிடித்ததும் மறுபடி பாடியது. கன்ட்ரோலர் பெட்டியின் பச்சை விளக்கும் கூடவே அணைந்து, சிவப்பாகத் திரும்பி வந்தது.

அணைத்துவிட்டு இன்னொரு முறை செய்தாள். அதேதான். 

"தம்பி, ஸ்டார்ட்டர் சுத்தும்போது அளந்தீங்களா?"

"அது எதுக்கு? அதே ஒயர்தான, அதே கரண்டுதான."

"மீட்டரை வெச்சுப் புடிங்க. திருப்புறேன்."

திருப்பினாள்.

"அய்யோ அண்ணி! பூஜ்யம்! சுத்தமா பூஜ்யம்!"

ஸ்டார்ட்டர் சுற்றும் அந்த இரண்டு நொடி ரேடியோவுக்குக் கரண்ட் கிடையாது. பெட்டியும் அந்த ஒயரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. செத்துப் பிழைத்துக் கண்ணைத் திறந்தால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். ஏதோ கோளாறு என்று பெட்டி மிரண்டுபோய் மூன்றாம் கியரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

"ரேடியோ ஒயர்லயா எடுப்பாரு?" கொழுந்தன் தலையில் அடித்துக்கொண்டான்.

"சீட்டு மாட்டுறதுக்கு முன்னாடியே ரேடியோவ மாட்டின மனுஷன். பாட்டு இல்லாம அவருக்கு ஸ்பேனர் புடிக்கவே வராது. கைக்குப் பழகின ஒயர்ல முடிச்சுப் போட்டிருக்காரு." அழுகைதான் வரும் என்று நினைத்தாள். வந்தது சிரிப்பு. அவனும் சேர்ந்துகொண்டான், இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பிறகு டார்ச் கை மாறியது. அவன் சாவியைத் திருப்பத் திருப்ப, அவள் ஃப்யூஸ் பெட்டியில் மீட்டர் முனையை ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தாள். பூஜ்யம். பூஜ்யம். மூன்றாவது இடத்தில் மீட்டர் எண் பத்துவரைதான் இறங்கியது, கரண்ட் அறுபடவில்லை. அங்கே தனி ஃப்யூஸ் போட்டு, பெட்டியின் ஒயரை மாற்றிக் கொடுத்து, டேப் சுற்றி முடித்தபோது மேலே தெருவில் கிரேனின் ஹாரன் கேட்டது.

"நீங்களே ஓட்டுங்க அண்ணி. கண்டுபுடிச்சது நீங்கதான."

ஸ்டார்ட் அடித்தாள். பச்சை விளக்கு அசையவில்லை. லீவரை இழுத்ததும் வண்டிக்கு அடியில் கியர் மெதுவாகப் பொருந்தி உட்கார்ந்தது. ஒன்று. கார் உறுமியபடி சரிவில் ஏறியது, பாதி தாண்டியது, மூக்கு வெயிலுக்குள் நுழைந்தது. வழியை மறித்திருந்த கிரேன் அவசரமாகப் பின்வாங்கியது. தெருவில் திரும்பியதும் முதுகில் செல்லமாகத் தட்டியதுபோல் ஒரு சிறு உந்தல். இரண்டு.

பின்புறக் கண்ணாடியில், கழுத்தில் தொங்கும் மீட்டரோடு கொழுந்தன் ஓடி வந்துகொண்டிருந்தான். "அண்ணி, வீடு அந்தப் பக்கம்!" சிவப்பும் கறுப்புமான இரண்டு ஒயர்கள் அவன் நெஞ்சில் துள்ளின. முன்னால் தெரு நேராக, காலியாகக் கிடந்தது. அவள் ஆக்ஸிலரேட்டரை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.