அழுததா என்ற கேள்வி

"ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சா பாப்பா?" விதைக்கடலை உடைத்துக்கொண்டே சொர்ணம் கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். "அப்ப என்னத்தத் தெரிஞ்சு அடுத்தவ பிள்ளைய எண்ண வந்த?" என்று சிரித்தார். அவருடைய மருமகள் ரஞ்சிதாவும் லேசாகச் சிரித்தாள்.

கறம்பக்குடிப் பக்கம் அன்று எனக்கு அது ஏழாவது வீடு. பி.எஸ்சி. முடித்துவிட்டு, குழந்தைப்பேறு பற்றிய கணக்கெடுப்பில் மூன்று மாத வேலைக்குச் சேர்ந்திருந்தேன். முந்தைய ஆறு வீடுகளில் நான்கில் ஒற்றைப் பிள்ளை. இரண்டு பூட்டிக் கிடந்தன. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு புள்ளி ஒன்று பிள்ளைகள் பிறந்தால்தான் மக்கள்தொகை குறையாமல் நிற்கும் என்று பயிற்சியில் சொன்னார்கள். வளருமுன்னே இறந்துவிடும் பிள்ளைகளும் அந்தப் புள்ளி ஒன்றில் அடக்கம். நோட்டில் எழுதிக்கொண்டேன், அவ்வளவுதான்.

பெண்ணைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. சொர்ணத்தை எழுந்து போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இதுவரைக்கும் பிறந்த பிள்ளைங்க எத்தனைங்க?"

"ஒன்னு" என்றாள் ரஞ்சிதா.

"இல்லைன்னு போடு பாப்பா." சொர்ணம் நிமிரவில்லை. "ஏழாம் மாசம் ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. பொறக்கையிலயே உசுரு இல்ல."

இறந்து பிறந்தது கணக்கில் வராது. ஆனால் அப்படிச் சொன்னால் இன்னொரு கேள்வி கேட்டாக வேண்டும். டேப்லெட்டைப் பார்த்தபடியே கேட்டேன்.

"பிறந்தப்ப அழுதுச்சாங்க? கையக் கால அசைச்சுச்சா?"

"எனக்கு மயக்கம் தெளியலைங்க" என்ற ரஞ்சிதா மாமியார் பக்கம் திரும்பினாள். "நீங்கதான அத்தை கையில வாங்குனீங்க. அழுதுச்சா?"

கடலை உடைபடும் சத்தம் நின்றது.

"மூணு வருசம் ஆச்சு. அதெல்லாம் எதுக்குடி இப்ப?"

"அழுதுச்சா அத்தை?"

சொர்ணம் மடியிலிருந்த கடலையை முறத்தில் கொட்டினார்.

"ரெண்டு தடவ. கோழிக்குஞ்சு கணக்கா. நீ கண்ணு முழிக்கிறதுக்குள்ள போயிருச்சு. ஒம் புருசன் ஆனந்தராஜுதான் சிங்கப்பூர்லருந்து போன்ல, அவ தாங்கமாட்டா, சொல்லாதம்மான்னான்."

ரஞ்சிதா அழவில்லை. பிறந்தவை என்ற கட்டத்தில் ஒன்று போட்டேன். இறந்தவை என்ற கட்டத்திலும் ஒன்று. அடுத்த பக்கம் திறந்தது. முதல் கேள்வி, குழந்தையின் பெயர். வைக்கவில்லையென்றால் 'குழந்தை' என்றே போட்டுக்கொள்ளலாம். அதைச் சொல்லாமல், பெயரை மட்டும் கேட்டேன்.

ரஞ்சிதா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன. ஒன்றைச் சொல்லிப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று இன்னொன்றைச் சொல்லிப் பார்ப்பதுபோல் இருந்தது. திரை மங்கியது. அணைந்துவிடாமல் இருக்க விரலால் தொட்டேன். மறுபடி மங்கியது. மறுபடி தொட்டேன்.