செக்கர் மனைவியின் புதன்கிழமை

ஓசி என்ற சொல் காதில் விழுந்தாலே செக்கருக்கு மூக்கு விடைக்கும். நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராகவே காலம் தள்ளி ஓய்வு பெற்ற மனிதர். ஓசியில் போகிறவனைப் பிடித்துத்தான் இத்தனை வருஷமும் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது. தெருவில் யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் ஞாபகமில்லை. மனைவியைக்கூட 'செக்கர் வீட்டம்மா' என்றுதான் சொல்வார்கள்.

ஓய்வு பெற்ற புதிதில் வீட்டையே ஒரு பேருந்தாக நினைத்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்தார். பால் பாக்கெட்டைக் கையில் தூக்கி எடை பார்த்தார். குழாய் ஏன் சொட்டுகிறது, நேற்று சொட்டாதது இன்று மட்டும் ஏன் சொட்டுகிறது என்று துருவினார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி, நூலகத்து அறிவிப்புப் பலகையில் கண்டதை ஒரு நாள் வந்து சொன்னாள்.

"என்னங்க, காசு செலவில்லாம பாக்குறதுக்கே இந்த ஊர்ல எவ்வளவோ இருக்கு. பூங்காவுல ஞாயித்துக்கிழமை பேண்டு வாசிக்கிறாங்க. மியூசியத்துல மாசத்துக்கு ஒரு நாள் டிக்கெட் கிடையாது. நாடகக் கொட்டகையில ஒத்திகைக்குச் சும்மாவே உள்ள விடுறாங்க. நாமளும் போவோமே."

"சும்மா எதுக்கு விடுறான்?" என்றார் செக்கர்.

போன இடத்திலெல்லாம் அதையேதான் கேட்டார். பூங்காவில் பேண்டு வாசித்து முடிகிறவரை ஒரு கையால் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் நேரே மேடைக்குப் போய், எக்காளம் ஊதுகிறவரிடம், "சாயங்காலம் பூரா ஊதுறீங்களே, இதுல உங்களுக்கு என்ன ஆதாயம்?" என்று விசாரித்தார். அந்த ஆள் பாவம், டாக்டர் மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னார் என்று ஏதோ சொல்லித் தப்பித்தார். மியூசியத்தில் காவலாளி இவரைக் கவனிக்க, இவர் காவலாளியைக் கவனிக்க, இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடியே எல்லா அறைகளையும் கடந்தார்கள். திமிங்கில எலும்பை மனைவி தனியாகத்தான் பார்த்தாள்.

நாடக ஒத்திகைதான் உச்சம். அது ஒரு கொலை நாடகம். முதல் காட்சியிலேயே, "இந்தச் சமையல்காரன் முழியே சரியில்ல, இவன்தான்" என்று உரக்கச் சொல்லிவிட்டார். கொலை செய்தது சமையல்காரன்தான். மேடையில் இருந்தவர்கள் வசனத்தை மறந்து நின்றார்கள். நாடகத்தை நடத்துகிறவர் கீழே இறங்கி வந்து கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயா, நீங்க கிளம்புங்க" என்றார்.

அதற்கப்புறம் அவள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள். புதன்கிழமை சாயங்காலம் மட்டும், நல்ல செருப்பை மாட்டிக்கொண்டு, "கொஞ்சம் வெளிய போயிட்டு வர்றேங்க" என்று கிளம்பிவிடுவாள். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடுவாள். திரும்பும்போது முகம் கழுவி விட்டாற்போல் இருக்கும்.

எங்கே போனாய் என்று கேட்டிருக்கலாம். வேறு எந்தப் புருஷனும் கேட்டிருப்பான். ஆனால் செக்கருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பாடம் வேறு. சந்தேகப்பட்ட ஆளிடம் எடுத்த எடுப்பில் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் உஷாராகிப் பதில் தயார் செய்துகொள்வான். கண்டும் காணாதவர்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்படியே நின்றார். செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "ம், போயிட்டு வா" என்பார்.

சந்தேகத்துக்கு வேண்டிய தடயங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. பாத்திரம் கழுவும்போது அவள் தனக்குள் முணுமுணுத்தாள். எட்டிப் பார்த்தால் நிறுத்திவிடுவாள். ஒரு நாள் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, கையை ஆட்டி ஆட்டி யாரிடமோ பேசுகிற மாதிரி பேசி, தானே சிரித்துக்கொண்டிருந்தாள். அதைவிட விசேஷம், இத்தனை வருஷமாக அவருடைய வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவள், இப்போது சாப்பாடு பரிமாறிக்கொண்டே, "ஏங்க, அந்தக் காலத்துல ஒரு ஆள் செத்த மாதிரி நடிச்சானே, அது எந்த ரூட்ல?" என்று துருவ ஆரம்பித்தாள். செக்கரும் உச்சி குளிர்ந்து முழுக் கதையையும் சொல்லிவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான், இதெல்லாம் இவளுக்கு எதற்கு, யாரிடம் போய்ச் சொல்வதற்கு என்று சுருக்கென்றது.

பிள்ளை குட்டி கிடையாது. நண்பர் என்று சொல்லிக்கொள்ளவும் யாரும் இல்லை. பரிசோதகருக்கு ஏது நண்பர்? இவள் கையை விட்டுப் போய்விட்டால் தன் கதி என்ன என்று நினைத்தபோது அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. வெளியில் எவனாவது அவளைச் சிரிக்க வைக்கிறான். தான் அதைச் செய்து எத்தனை காலமாயிற்று என்று அவருக்கு ஞாபகமே வரவில்லை.

செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மச்சினனிடம் போய் மெல்லப் பேச்சுக் கொடுத்தார்.

"உங்க அக்கா புதன்கிழமை உன் வீட்டுக்கு வருதா?"

"இல்லயே மாமா. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

"நீங்க சும்மா கேக்குற ஆளா? சும்மாங்கிற வார்த்தையே உங்களுக்கு ஆகாதே" என்று மச்சினன் சிரித்தான். செக்கருக்குச் சிரிப்பு வரவில்லை. கடையில் தொங்கிக்கொண்டிருந்த அவனுடைய தொப்பியைக் காட்டி, "இதை ரெண்டு நாளைக்குக் குடு, வெயில் தாங்கல" என்றார். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மச்சினன் மழையை ஒரு தடவை பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தான்.

பின்தொடர்வதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. ஆளின் பின்னால் போகிறவன் கற்றுக்குட்டி. அடுத்த நிறுத்தத்துக்கு முன்கூட்டியே போய் நின்றுகொண்டால் ஆள் தானாக வந்து சேரும். புதன்கிழமை மனைவி செருப்பைத் துடைக்கும்போதே, "கால் மரத்துப் போச்சு, ஒரு நடை போயிட்டு வர்றேன்" என்று கிளம்பிச் சந்து வழியாக அடுத்த நிறுத்தத்துக்கு விரைந்தார். பேருந்து வந்தது. ஜன்னலோரம் அவள். பின்வாசலில் ஏறி, தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டார். நடத்துநர் கையை நீட்டியபோதுதான், வாழ்க்கையில் முதல்முறையாக டிக்கெட் வாங்கவே மறந்து நிற்கிறோம் என்பது உறைத்தது. அவசரமாக வாங்கினார்.

அவள் நூலகத்தில் இறங்கினாள். அன்று அவருக்கு உள்ளே போகத் துணிவில்லை. எதிர்ப்பக்கம் மருந்துக்கடை வாசலில் நின்றார். வெகுநேரம் கழித்து அவள் வெளியே வந்தாள், கூடவே கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன். அவன் ஏதோ சொல்ல, அவள் கண்ணில் நீர் வருமளவு சிரித்து, புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். செக்கர் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

மறு புதன்கிழமை ஆனது ஆகட்டும் என்று உள்ளேயே நுழைந்துவிட்டார். நூலகத்தின் கீழ்த்தளம். பழைய நாற்காலிகள், ஒரு மைக், வாசலில் ஒரு தகர டப்பா. கட்டம் போட்ட சட்டைக்காரன்தான் டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றான்.

"வாங்க சார், உள்ள உக்காருங்க. டிக்கெட் எல்லாம் கிடையாது. போகும்போது மனசு வந்தா டப்பாவுல போடுங்க."

"மனசு வரலன்னா?"

"போடாதீங்க."

இப்படிப் பேசுகிறவனைத்தான் நம்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். மனைவி முன்வரிசையில் இருந்தாள். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு கிழவர் அரைத் தூக்கத்தில் இருந்தார். இவன் இல்லை என்று கிழவரைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கினார். சட்டைக்காரன் மைக்கைப் பிடித்தான்.

"புதுசா வந்தவங்களுக்காகச் சொல்றேன். யாரு வேணும்னாலும் பேசலாம். அவங்கவங்க வீட்டுல நடந்த உண்மைக் கதையா இருக்கணும், பேரு மட்டும் சொல்லக் கூடாது, பட்டப்பேரு போதும். முடிச்சதும் சபையில இருந்து ஒரே ஒரு கேள்வி கேக்கலாம். முதல்ல யாரு? நம்ம ஜன்னல் சீட்டு அக்காவா?"

சபை கை தட்டியது. எழுந்து போனது செக்கரின் மனைவி.

வீட்டில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதற்கே குரல் எழும்பாதவள், மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு, யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல் ஒரு சுற்று பார்த்தாள். செக்கர் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரரைப் பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல" என்று ஆரம்பித்தாள். சொல்லவே வேண்டாம், அதற்கே சிரிப்பு கிளம்பிவிட்டது. "ஓசியில பாக்குற இடமா பாத்து ஊரெல்லாம் கூட்டிட்டுப் போனேன். ஒண்ணும் ஒத்து வரல. நடுவுல ஒரு நாள் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். யாரு வேணும்னாலும் உக்காந்து பாக்கலாமாம். இந்தப் பக்கத்து வக்கீல் சொன்னதையும் இவர் நம்பல, அந்தப் பக்கத்து வக்கீல் சொன்னதையும் நம்பல. பாத்தா, ஜட்ஜும் நம்பல. வெளிய வந்து, 'இந்த ஊர்ல உருப்படியா ஒரு மனுஷன் இருக்கார்'னாரு. அன்னைக்குத்தாங்க அவர் சந்தோஷமா இருந்து பாத்தேன்."

கூட்டம் நாற்காலியைத் தட்டிச் சிரித்தது. செக்கருக்குக் காது மடல் எரிந்தது. ஆக, எவனோ அவளைச் சிரிக்க வைக்கவில்லை. அவள்தான் ஊரையே சிரிக்க வைக்கிறாள், அதுவும் தன்னை வைத்து. ஊரில் சும்மா கிடைக்கிற வேடிக்கைகளில் தானும் ஒன்று. எழுந்து போய் மைக்கைப் பிடுங்கிவிடலாமா என்று கை துறுதுறுத்தது.

"கல்யாணமான புதுசு. தூக்கத்துல எழுந்து உக்காந்து, கைய நீட்டி, 'டிக்கெட்'ங்கிறாரு. எனக்குக் குலை நடுங்கிப் போச்சு. என்ன செய்யறது? தலகாணிக்கடியில சலவைக்காரர் குடுத்த சீட்டு ஒண்ணு இருந்துச்சு, எடுத்து நீட்டுனேன். கண்ணைத் திறக்காமலே முன்னும் பின்னும் திருப்பிப் பாத்துட்டு, 'சரி, உக்காரு'ன்னு சொல்லிட்டுப் படுத்துட்டாரு. அன்னைல இருந்து அவர் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

அரைத்தூக்கக் கிழவர்கூட விழித்துக்கொண்டு சிரித்தார். செக்கருக்கே வாய் ஒரு பக்கமாகக் கோணியது. அடக்கிக்கொண்டார். இந்தக் கதை அவருக்கே தெரியாது.

சிரிப்பு ஓய்ந்ததும், நடுவரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அக்கா, ஊரையே சந்தேகப்படுற மனுஷன், உங்களை எப்படிச் சும்மா விட்டாரு?"

மனைவி மைக்கின் கம்பியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"அதான் எனக்கும் ஆச்சரியம்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "பால்காரரைச் சந்தேகப்படுவாரு, கரண்டு பில்லைச் சந்தேகப்படுவாரு, என் தம்பியச் சந்தேகப்படுவாரு. என்னை ஒரு நாளும் பட்டதில்லீங்க. இத்தனை நாளா புதன்கிழமை ஆனா கிளம்பி இங்க வர்றேன். எங்க போறேன்னு ஒரு வார்த்தை கேக்கல. பேப்பரைப் படிச்சுக்கிட்டே 'போயிட்டு வா'ம்பாரு. எவ்வளவு பெரிய மனசு பாருங்க. நானா சொல்லணும்னுதான் நினைக்கிறேன். அந்த மனுஷனை வச்சு இப்படிச் சிரிக்கிறோமேன்னு வெக்கமா இருக்கு, அதான் சொல்ல வாய் வரல. நீங்கல்லாம் சிரிங்க, பரவாயில்ல. ஆனா அவர் நம்புற ஒரே ஆள் நான்தான். அது யாருக்குக் கிடைக்கும்?"

யாரும் சிரிக்கவில்லை. அப்புறம்தான் கை தட்டினார்கள், ரொம்ப நேரம் தட்டினார்கள். செக்கர் தூணுக்குப் பின்னால், மச்சினனின் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி இருந்தார். ஓசியில் ஏறிப் பிடிபட்டு, அத்தனை பயணிகளுக்கு நடுவில் கூனிக் குறுகி நிற்கிற ஆட்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். அவர்களுக்கு உள்ளே எப்படி இருந்திருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

அடுத்த ஆள் மைக்குக்கு எழுந்த சந்தடியில் நழுவி வாசலுக்கு வந்தார். சட்டைப்பையில் இருந்ததை எண்ணிப் பார்க்காமல் டப்பாவில் போட்டார். சட்டைக்காரன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பிடிச்சிருந்துதா சார்?" என்றான். தலையை மட்டும் ஆட்டினார். சில்லறைகூட மிச்சம் வைக்கவில்லை என்பது நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. பேருந்து வந்து நின்றது, ஏறச் சொல்லி நடத்துநர் தலையசைத்தார். செக்கர் ஏறவில்லை. திடீரென்று பிடித்துக்கொண்ட மழையில் ஓட்டமும் நடையுமாக வீடு போய்ச் சேர்ந்து, சட்டையை மாற்றி, தலையைத் துவட்டி, செய்தித்தாளைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது கதவு தட்டப்பட்டது.

மனைவி வந்து செருப்பைக் கழற்றினாள். வழக்கம்போல் உள்ளே போகாமல், அவர் நாற்காலிப் பக்கத்தில் தயங்கி நின்றாள்.

"என்னங்க, நான் புதன்கிழமை எங்க போறேன்னு நீங்க கேக்கவே மாட்டீங்களா?"

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் அவள் சபை நடுவில் நின்று சொன்னது அத்தனையும் பொய்யாகிவிடும். செய்தித்தாளை இறக்கினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று தோன்றியது, இறக்காமல் பேசினார்.

"உன்னைப் போய் என்ன கேக்குறது?"

அவள் அவர் தோளில் கையை வைத்தாள். "தலை ஈரமா இருக்கே, சளி பிடிச்சுக்கும்" என்று சொல்லி, வேறெதுவும் கேட்காமல், துண்டு எடுத்து வர உள்ளே போனாள்.